முப்பது அங்குல மேடை

“போகாது.”

“இன்னாமா போகாது? போன மாசம் இதே கதவுல பீரோவ எட்துனு போனாங்க. முழு பீரோ. கண்ணாடி வச்சது.”

“பீரோவ சாய்ச்சு எட்துனு போயிருப்பாங்கண்ணா. என்னை சாய்க்க முடியாது.”

மண்டப மேனேஜர் வேல்ராஜ் கழிவறைக் கதவைப் பார்த்தார். அதன் முன்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த இசைவாணியைப் பார்த்தார். பிறகு அவள் கதவு நிலையின் குறுக்கே வைத்துப் பிடித்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைப் பார்த்தார். குழாய் நிலையைவிட இரண்டு அங்குலம் நீளமாக இருந்தது.

“அது இன்னா குச்சி?”

“கேஜ்.”

“எதுக்கு?”

“அது நுழைஞ்சா நான் நுழைவேன். நுழையலன்னா நுழைய மாட்டேன். அவ்ளோதான்.”

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் தரச் சோதனைப் பிரிவில் இசைவாணிக்கு ஆறு வருட வேலை. அங்கே ஒரு துளை சரியா தப்பா என்று பார்க்க யாரும் அளவுகோலைத் தேடுவதில்லை. அளவாகக் கடைந்த இரும்பு முள் ஒன்றை நுழைத்துப் பார்ப்பார்கள். போனால் நல்ல பீஸ், போகாவிட்டால் சிவப்புப் பெட்டி. எண் கிடையாது, வாக்குவாதம் கிடையாது. டேப்பை வைத்து அளந்த காலத்தில் அவள் நிறைய வாக்குவாதம் செய்திருக்கிறாள். பேங்க்கில், கண் ஆஸ்பத்திரியில், ஆதார் மையத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: ஒரு இன்ச்தானேம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். கதவு நிலை அட்ஜஸ்ட் செய்துகொண்டதாக வரலாறு இல்லை. நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம். சக்கரத்தைத் தள்ளும் கைமுட்டிக்கு இன்னும் அரை அங்குலம். பிளம்பர் கடையில் குழாயை அந்த நீளத்துக்கு வெட்டி வாங்கி வண்டியின் பின்பையில் செருகிக்கொண்ட நாளிலிருந்து பேச்சு குறைந்தது.

“பந்தி ஹாலுக்குப் பின்னாடி இன்னொரு பாத்ரூம் கீது,” என்றார் வேல்ராஜ். “சமையல்காரங்க போறது. உங்களுக்கு எப்டி...”

“கதவு பெருசா இருந்தா போதும்ணா. யாரு போனா இன்னா.”

அந்தக் கதவில் குழாய் உள்ளே போய் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு இடம் மிஞ்சியது.

“போகும்,” என்றாள். பக்கத்தில் நின்ற அருள்பாண்டி செல்போனில் அதைக் குறித்துக்கொண்டான். அவர்கள் கல்யாணத்துக்கு அவர்கள் பார்க்கும் ஆறாவது மண்டபம் இது. முதல் முறையாக அந்தச் சொல்லைக் குறிக்கிறான்.

முதலில் பார்த்த மண்டபம் மாடியில் இருந்தது. இரண்டாவதில் பந்தி நிலவறையில். அங்கே லிப்ட் உண்டு, சாம்பார் அண்டா ஏறி இறங்க மட்டும். மறைமலை நகர்ப் பக்கம் ஒன்றில் சாய்தளமே கட்டி வைத்திருந்தார்கள். அதன் அடிவாரத்தில் ஜெனரேட்டர் நின்றது. அதை நகர்த்த முடியாதா என்று இசைவாணியின் அப்பா தணிகாசலம் கேட்டதற்கு, “ஏன் சார், கரண்ட் போனா இன்னா பண்ணுவீங்க?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

இந்த மண்டபம் தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. அதற்கு ஒரு பலகை போதும். கழிவறை ஆயிற்று. பாக்கி இருந்தது மேடைதான்.

முப்பது அங்குல உயரம். மேடைக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு நீரூற்று, சுற்றிலும் கிரானைட் சுவர், நடுவில் தும்பிக்கையைத் தூக்கிய இரண்டு சிமென்ட் யானைகள். வலது பக்கம் மேடைக்கு ஏறும் படிகள். அதை ஒட்டியே பந்தி ஹாலின் கதவு. இடது பக்கம் மேடைக்கும் மணமகள் அறைச் சுவருக்கும் நடுவே ஒரு முட்டுச் சந்து.

“மேடைக்கு இன்னாம்மா கவல,” என்றார் வேல்ராஜ். “நாலு பசங்கள நிக்க வெச்சிக்கினு அலாக்கா தூக்கி வெச்சிடலாம். பூ மாதிரி.”

இசைவாணியைத் தூக்காதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. பதினேழு வயதில் ஒரகடம் சாலையில் டேங்கர் லாரி மாமாவின் பைக்கை இடித்து, பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு முதுகெலும்பு போன நாளிலிருந்து தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள். பரீட்சை ஹால் மாடியில் என்று அப்பா தூக்கினார். தாலுகா ஆபீஸில் முன்பின் தெரியாத இரண்டு பேர் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் வெற்றிலை போட்டிருந்தார். எல்லோரும் நல்லவர்கள். யாரும் கேட்டுவிட்டுத் தூக்கியதில்லை.

போன வருடம் லைனில் கூட வேலை பார்க்கும் பிரவீனாவின் வரவேற்பு. கீழேயிருந்தே வாழ்த்திவிட்டுப் போகலாம் என்று இருந்தவளை, “அக்கா போட்டோ எடுக்காம போவக்கூடாது,” என்று ஐந்து பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். புடவைக் கொசுவம் சக்கரத்தில் சிக்கியது. ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, அவள் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துச் சிரித்தாள். வீடியோக்காரர் அதை மெதுவாக ஓடவிட்டு வயலின் இசை சேர்த்திருந்தார். ஒரு வாரத்துக்குப் பாதிக் கம்பெனியின் ஸ்டேட்டஸில் அவள் அந்தரத்தில் மிதந்தாள். கண்ணீர் விடும் பொம்மைகளும் கும்பிடு போடும் கைகளுமாகக் கீழே வரிசை கட்டியிருந்தன. நட்டும் போல்ட்டும் பற்றித் தவிர எதுவும் பேசாத சூப்பர்வைசர்கூட, “ரொம்ப டச்சிங்கா இருந்துச்சும்மா,” என்றார்.

அன்றிரவே அருள்பாண்டியிடம் சொல்லிவிட்டாள். “நம்ம கல்யாணத்துல நானே போவேன். என் கையால தள்ளினு. எவனும் தொடக்கூடாது. நீகூட.”

“சரி,” என்றான் அவன். அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் வெல்டர். சங்கரன்கோவில்காரன். எதைச் சொன்னாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு எப்படி என்று யோசிக்கிற ஆள். அவளுக்கு அவனிடம் பிடித்ததே அதுதான்.

இப்போது அவன் சந்துக்குள் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். “இங்கிட்டு போட்டுருலாம் இசை. இந்தச் சந்து முழுக்க ரேம்ப். மேல போயி வலது கைப்பக்கம் திரும்புனா மேடை.”

“நீளம்?”

“பத்தொம்பது அடி. கடைசி மூணடி நிக்கதுக்கு. பதினாறடியில முப்பது இஞ்சு ஏறணும்.”

“செங்குத்தா வருமே.”

“நம்ம ஸ்டோர்ஸ் ரேம்ப் இந்தச் சரிவுதான்.”

இசைவாணி உருட்டிக்கொண்டு போய் சந்தின் குறுக்கே குழாயை வைத்தாள். சுவருக்கும் மேடைக்கும் நடுவே முப்பத்தெட்டு அங்குலம் இருந்தது. குழாய் தாராளமாகப் போயிற்று. “போகும்,” என்றாள் இரண்டாம் முறை. வேல்ராஜ் அட்வான்ஸ் ரசீது போட்டார்.

மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இசைவாணி கம்பெனி ஸ்டோர்ஸ் சாய்தளத்தில் ஏறி இறங்கினாள். முதல் நாள் பாதியில் முன்சக்கரங்கள் தூக்கின. அருள்பாண்டி பாய்ந்து வந்தான். கையை நீட்டி அவனை நிறுத்தினாள். உடம்பை முன்னால் சாய்த்து, மோவாய் முழங்காலைத் தொடுகிற மாதிரி குனிந்து, சின்னச் சின்னத் தள்ளலாக ஏற வேண்டும் என்று மூன்றாம் நாள் பிடிபட்டது. இரண்டாம் வாரம் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து காய்ந்தது. மூன்றாம் வாரம் புடவையோடு ஏறிப் பார்த்தாள். டிராலி தள்ளும் பையன்கள் சாப்பாட்டு டப்பாவோடு வரிசையாக உட்கார்ந்து, அவள் உச்சிக்குப் போனதும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் வயலின் இல்லை.

வல்லம் வடகாலில் தெரிந்தவர் பட்டறை ஒன்றில் அருள்பாண்டியும் அவனோடு வேலை பார்க்கும் அறைத்தோழன் கொம்பையாவும் வேலை முடிந்த மாலைகளில் சாய்தளத்தை அடித்தார்கள். ஆங்கிள் சட்டம், மேலே வழுக்காத புள்ளித் தகடு. நான்கு துண்டாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி. கொம்பையா ஓரங்களுக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தான். “கல்யாணத்துக்குடா,” என்றான் அருள்பாண்டி. “அதுக்கு? சேப்டி முக்கியம்லா,” என்றான் கொம்பையா.

முகூர்த்தம் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு மத்தியானம், ஒரு காதுகுத்து விசேஷம் கலைந்து எச்சில் இலை வாசம் போகாத மண்டபத்தில் சாய்தளத்தைப் பூட்டினார்கள். தணிகாசலம் வந்திருந்தார். அன்று காலைதான் ஊரிலிருந்து வந்திறங்கிய அருள்பாண்டியின் அம்மா கோமதியம்மாளும் வந்து, முன்வரிசை நாற்காலியில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நீரூற்று யானைகளை அவளுக்குப் பிடித்திருந்தது.

“மேடை ஜோடனை முழுக்க எங்க அண்ணன் செலவு தாயி,” என்றாள் இசைவாணியிடம். “பூவு மதுரையிலருந்து வருது. தாய்மாமன் சீருன்னு போர்டே எழுதியாச்சு. இவன் அப்பா போனப்போ இவனுக்கு ஒம்பது வயசு. அவ்வொதான் தூக்கி வளத்தாவ. ஊர்லருந்து ரெண்டு பஸ்ஸு ஆளு வருது, மேடையில இவனப் பாக்க.”

“வரட்டும் அத்தை.”

“பாரம் பாத்தாச்சு,” என்று கொம்பையா உள்ளேயிருந்து கத்தினான். “மதினி, உங்க வெயிட்டு, சேர் வெயிட்டு, மேல இருபது கிலோ, எல்லாம் மூட்டையா கட்டி டிராலியில வச்சி ஏத்திப் பாத்துட்டோம். ஆடல, அசையல. மேல போயி டிராலி அப்படியே லேசா திரும்பிட்டு. வாங்க!”

இசைவாணி உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டாள். “யாரும் பின்னாடி வரக்கூடாது.”

குனிந்து தள்ள ஆரம்பித்தாள். தகடு சக்கரத்தைக் கவ்விப் பிடித்தது. பழகிய சரிவு. கைகள் தாமாகவே கணக்குப் போட்டன. தள்ளு, பிடி, தள்ளு, பிடி. பாதிக்கு மேல் மேடையின் தளம் முழங்காலுக்குக் கீழே இறங்கியது, பிறகு கணுக்காலுக்கு, பிறகு கால்பலகைக்கு. கடைசித் தள்ளலில் சக்கரங்கள் சமதளத்தில் ஏறி நின்றன. எதிரே வெறும் சுவர். வலது பக்கம் பெரிய மேடை, பெருக்கி முடிக்காத காகிதப் பூக்களோடு, முழுதாகத் திறந்து கிடந்தது.

கீழே தணிகாசலம் கையைத் தட்டப் போய், பாதியில் நிறுத்தினார்.

இசைவாணி இடது சக்கரத்தை முன்னுக்கும் வலது சக்கரத்தைப் பின்னுக்கும் தள்ளினாள். கால்பலகை சுவரில் இடித்தது. கொஞ்சம் பின்னால் வந்தாள். பின்சக்கரம் சரிவின் விளிம்புக்கு வந்தது. மறுபடி திருப்பினாள். இந்த முறை கால்பலகை மேடையின் மூலையில் இடித்தது. முன்னால், பின்னால், முன்னால். முப்பத்தெட்டு அங்குலத்துக்குள் நாற்பத்திரண்டு அங்குல நாற்காலி எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

கொம்பையா டிராலியைப் பார்த்தான். பிறகு அவளுடைய நாற்காலியைப் பார்த்தான். டிராலிக்கு நான்கு சக்கரமும் சுற்றும். நின்ற இடத்திலேயே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரும். நண்டு மாதிரி பக்கவாட்டில்கூடப் போகும். கம்பெனியில் பத்து வருடமாக அவர்கள் தள்ளுவது அதைத்தான். வண்டி என்றால் அப்படித்தான் திரும்பும் என்று அவர்கள் கைக்குப் பழகியிருந்தது.

“லே பாண்டி,” என்றான் மெதுவாக. “நாம டிராலிக்குல்லா ரேம்ப் அடிச்சிருக்கோம்.”

“நானுந்தான் போகும்னு சொன்னேன்,” என்றாள் இசைவாணி மேலிருந்து. அவள் பார்த்தது அகலத்தை மட்டும். ஒரு துளைக்குள் நேராகப் போகும் முள்ளைப் பற்றித்தான் ஆறு வருடமாக அவளுக்குத் தெரியும். உள்ளே போன முள் திரும்ப வேண்டும் என்று எந்த வரைபடமும் கேட்டதில்லை.

கால்பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள். முழங்கால் இடித்தது. மேடையின் மூலையை மூன்றடி உடைத்தால் திரும்பலாம் என்றான் அருள்பாண்டி.

“மூலைய ஒடைக்கவா?” வேல்ராஜ் நெஞ்சில் கை வைத்தார். “ஓனர் என் மண்டைய ஒடைப்பாருப்பா. இத்தாலி மார்பிள் அது.”

வலது பக்கம் போடலாமா என்றார் தணிகாசலம். பந்திக் கதவை அடைத்துவிடும் என்று அவரே சொல்லிக்கொண்டார். முன்பக்கம் யானைகள். வேறு மண்டபம் தேட நாள் இல்லை. பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

மேலே, சுவரைப் பார்த்தபடி, நாற்காலியின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு இசைவாணி உட்கார்ந்திருந்தாள். கீழே இருந்தவர்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

“இப்ப இன்னா ஆயிப்போச்சு,” என்று வேல்ராஜ்தான் ஆரம்பித்தார். “மொதல்ல சொன்னதுதான் நானு. நாலு பேரு...”

“ஆமா மதினி. வெளி ஆளுகூட வேண்டாம். நாங்களே இருக்கோம்லா,” என்றான் கொம்பையா.

“நான் ஒரு பக்கம் புட்ச்சிக்கறேன் வாணி,” என்றார் தணிகாசலம். இரண்டு வருடத்துக்கு முன்னால் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

இசைவாணி அருள்பாண்டிக்காகக் காத்திருந்தாள். அவன் எப்போதும் போல் முதலில் ஒரு வார்த்தை சொல்வான், பிறகு வழி தேடுவான் என்று.

“ஒரு நாளுதான இசை,” என்றான் அவன். “மேல ஏறுற நேரம் வீடியோவ நிறுத்தச் சொல்லிருதேன்.”

அவள் பிரேக்கை விடுவித்தாள். திரும்ப இடமில்லாததால் பின்பக்கமாகவே இறங்க வேண்டியிருந்தது. இரண்டு சக்கரத்தையும் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, அங்குலம் அங்குலமாக, பின்னால் பார்க்காமல் இறங்கினாள். ஆறிய கொப்புளம் மறுபடி உரிந்தது. சந்தின் வாயில் அருள்பாண்டி கையை நீட்டியபடி நின்றான். அவள் அவனைத் தாண்டி வந்தாள். அவன் கை நீட்டிய இடத்திலேயே நின்றது.

கோமதியம்மாள் எழுந்து வந்து அவள் உள்ளங்கையைப் பார்த்து, முந்தானையால் ஒற்றினாள். “எதுக்கு தாயி இம்புட்டுப் பாடு? ரெண்டு நிமிசம் கண்ண மூடிக்கோ. பயலுவ தூக்கி அந்த சோபாவுல உக்கார வச்சிட்டானுவன்னா, அப்புறம் ஒண்ணும் தெரியாது. இந்த வண்டிய பொம்பள ரூமுக்குள்ள தள்ளி வச்சிரலாம்.”

“யாருக்குத் தெரியாது அத்தை?”

கோமதியம்மாள் முந்தானையை மடித்தாள். “எங்க ஊரு ஆளுவ கேப்பாவல்லா. அண்ணன் கேட்டப்போ, கால்ல அடி, சரியாயிட்டு வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ்வொளும் நாலு பேருகிட்ட சொல்லிட்டாவ.” பிறகு அவசரமாக, “உன்னயக் கொறச்சி சொல்லல தாயி. இவன் ஆசைப்பட்டான். அது நடக்கணும்னுதான் சொன்னேன்,” என்றாள்.

“அம்மா,” என்றான் அருள்பாண்டி. அவனுக்கும் இது புதிது.

இசைவாணிக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. கையை ஒற்றிய முந்தானையில் ரத்தம் கொஞ்சம் ஒட்டியிருந்தது; அந்த அம்மாள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. நீரூற்றுக்கும் முன்வரிசை நாற்காலிகளுக்கும் நடுவே பத்தடிக்கு வெறும் தரை இருந்தது. காதுகுத்து விசேஷத்தின் ஜிகினா அதில் சிதறிக் கிடந்தது. இசைவாணி அங்கே உருட்டிக்கொண்டு போய், ஜனங்கள் உட்காரும் பக்கம் பார்க்கத் திரும்பினாள். ஒரே வீச்சில் முழு வட்டமாகத் திரும்ப முடிந்தது.

“இங்க உக்காந்துக்கறேன் அத்தை. இந்தச் சேர்லயே. அவரு பக்கத்துல ஒரு சேர் போட்டுக்கட்டும். ஐயரு கீழ வர்றதுக்கு ஒத்துப்பாரு, நான் பேசறேன். பின்னாடி மேடை அப்டியே இருக்கட்டும், பூவெல்லாம் இருக்கட்டும், மாமா போர்டும் இருக்கட்டும்.”

“மேடையில யாரு இருப்பா?”

“யாரும் வேணாம்.”

கோமதியம்மாள் வெறும் மேடையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் இப்போது தரையில் கிடந்த ஜிகினாவைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். இன்னொரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் சுத்தமாகியிருந்தது.

அவள் கைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்துத் தூரத்தில் வைத்துப் பெயரைப் படித்தாள். “அண்ணன்தான். பூக்காரன் மேடை அளவு கேக்கானாம்.”

“அத்தை,” என்றாள் இசைவாணி. “நான் சொன்னா திமிர்னு நெனைப்பாரு. இவரு சொன்னா பொண்ணு பேச்சக் கேக்கறான்னு சொல்லுவாரு. எனக்குக் கால்ல அடி இல்ல, எப்பவும் இந்தச் சேர்தான்னு, கீழதான் உக்காருவேன்னும் சேத்து, நீங்களே அவருகிட்ட சொல்றீங்களா?”